உருக வேண்டிய இடம்

மழைக்காலத்தில் வைப்பர் நின்றுபோனால் யாருக்கும் முதலில் ஃபியூஸ் ஞாபகம் வருவதில்லை. மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டி, அதன் விலையை நினைத்துத்தான் மனசு பதறுகிறது. ஹாரன் ஊமையானாலும், பிரேக் விளக்கு எரியாவிட்டாலும், போனுக்குச் சார்ஜ் ஏறாவிட்டாலும் இதே கதைதான். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில், ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், ஒரு டீ விலைக்குக் கிடைக்கிற துண்டு ஒன்று உருகிப்போயிருக்கும். சாவியை அணைத்து, அதைப் பிடுங்கிவிட்டு அதே எண்ணில் வேறொன்றைச் செருகினால், வைப்பர் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். சரியாகிவிட்டது என்று கிளம்பிவிடுகிறோம். எது சரியானது, எது தப்பாக இருந்தது என்ற கேள்வி மூடிக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது.

பிடுங்கிய துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதன் வேலை முழுவதும் தெரிந்துவிடும். விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் உடல். கீழே இரண்டு தட்டைக் கால்கள். இரண்டையும் இணைத்தபடி உள்ளே வளைந்து போகிறது துத்தநாகக் கலவையில் செய்த மெல்லிய பட்டை. ஒயரில் ஓடும் மின்சாரமேதான் அந்தப் பட்டையிலும் ஓடுகிறது. ஆனால் ஒயரின் தாமிரம் உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகத்துக்கு 420 போதும். உருகுவது என்று வந்துவிட்டால் பட்டைதான் முந்தும். தலையில் ஆம்பியர் எண் பொறித்திருக்கும். எண்ணைப் படிக்கக் கண்ணாடி தேடுகிறவர்களுக்காக நிறமும் உண்டு: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. கார் எந்த நாட்டில் செய்யப்பட்டதானாலும், ஃபியூஸ் குட்டை வடிவமானாலும் நெட்டை வடிவமானாலும் இந்த நிறக்கணக்கு மாறுவதில்லை.

இந்த வடிவம் 1976இல் அமெரிக்காவின் லிட்டில்ஃபியூஸ் நிறுவனத்தில் உருவானது. அதற்கு முன் கார்களில் இருந்தவை கண்ணாடிக் குழல் ஃபியூஸ்கள். பல ஐரோப்பியக் கார்களில் பீங்கான் உருளைமேல் உலோகப் பட்டை வெளியே தெரிய ஓடும். 1927இல் சிகாகோவில் அந்த நிறுவனம் தொடங்கியபோது அதன் அக்கறை கார்மேல் இல்லை. மின்சாரத்தை அளக்கும் நுட்பமான மீட்டர்கள் கருகாமலிருக்கச் சின்ன ஃபியூஸ் செய்தார்கள். இன்னும் பின்னால் போனால், 1880இல் எடிசன் தன் மின்விளக்குகளுக்காக ஒரு பாதுகாப்புக் கடத்திக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அதற்கும் முன், தந்தி நிலையங்களில் இடி இறங்கினால் கருவிகள் எரியாமலிருக்க, வெளியிலிருந்து வரும் கம்பியில் ஒரு பகுதியை வேண்டுமென்றே மெலிதாக வைக்கலாம் என்று பிரான்சின் பிரெகே யோசனை சொன்னார். மின்சாரம் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே, அது எங்கே அறுந்துபோகலாம் என்ற யோசனை பிறந்துவிட்டது.

10 என்று எழுதியிருந்தால் 10 ஆம்பியரைத் தாண்டிய நொடியில் உருகிவிடும் என்று எண்ணுவது இயல்பு. அப்படி நடந்தால் காரை ஓட்டவே முடியாது. எந்த மோட்டாரும் கிளம்புகிற கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். குளிர்ந்து கிடக்கும் பல்ப் இழைக்கும் அதே குணம். ஆகவே ஃபியூஸுக்குப் பொறுமை வேண்டும். அதுவும் அளந்து கொடுத்த பொறுமை. அந்த அளவைத்தான் தயாரிப்பாளர்களின் அட்டவணை சொல்கிறது. எழுதிய எண்ணைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக ஓடினால் குறைந்தது 100 மணி நேரம் தாங்க வேண்டும். 35 சதவீதம் கூடினால் பத்து நிமிடத்துக்குள் உருகியாக வேண்டும். இரு மடங்கானால் ஐந்து வினாடிக்குள். ஆறு மடங்கென்றால் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள். மின்சாரம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும் என்று 1840களில் ஜேம்ஸ் ஜூல் கண்டுசொன்ன விதி இந்த அட்டவணை நெடுக ஓடுகிறது. சின்ன மீறலை வெகுநேரம் பொறுக்கும், பெரிய மீறலைக் கண் சிமிட்டும் நேரம்கூடப் பொறுக்காது என்ற நடத்தை வெறும் உலோகத்தின் தடிமனிலும் வளைவிலும் எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வளவு கணக்கும் யாரைக் காப்பாற்ற? வைப்பர் ஃபியூஸ் வைப்பரைக் காக்கிறது, ஹாரன் ஃபியூஸ் ஹாரனைக் காக்கிறது என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். மூடியிலும் அப்படித்தான் பெயர் எழுதியிருக்கிறது. ஆனால் மோட்டாருக்குள் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போயிருந்தால், மோட்டார் முன்பே செத்துவிட்டது என்றுதான் அர்த்தம். ஃபியூஸ் காத்தது மோட்டாருக்குப் போகிற ஒயரை. எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்பதைத் தீர்மானிப்பதும் பெரும்பாலும் அந்த ஒயரின் தடிமன்தான். பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஃபியூஸை வைப்பதும் அதனால்தான். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கிற ஒயருக்குக் காவல் கிடையாது.

12 வோல்ட்டுதானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காது என்ற அலட்சியம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. ஷாக் அடிக்காது, பற்றவைக்கும். செல்ஃப் மோட்டாரைச் சுழற்றுவதற்காக நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் தள்ளுவதற்கென்று செய்யப்பட்டது கார் பேட்டரி. அரை ஆம்பியர்கூட எடுக்காத டூம் லைட்டின் ஒயர் தகரத்தில் பட்டாலும் அது அதே மூச்சோடுதான் தள்ளும். இது டூம் லைட், பார்த்துப் போ என்று பேட்டரிக்குத் தெரியாது. மெல்லிய ஒயர் உச்சி முதல் அடி வரை ஒரே நேரத்தில் சிவந்து, மேலுறை வழிந்து, பக்கத்தில் கட்டியிருக்கும் மற்ற ஒயர்களின் தோலையும் உரித்துவிடும். அவை எல்லாம் சீட்டுக்கு அடியிலும் மேற்கூரையின் துணிக்குள்ளும் ஓடுகிற ஒயர்கள்.

காரில் இந்த ஆபத்து வீட்டைவிடக் கூடுதல். வீட்டில் மின்சாரம் போக ஒரு கம்பி, திரும்ப ஒரு கம்பி. காரில் போவதற்கு மட்டும்தான் கம்பி. திரும்பி வருவது வண்டியின் உடல் வழியாக. பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பாடியில் இணைத்துவிடுவதால் கதவும் பானட்டும் தரையும் எல்லாமே மின்சாரத்துக்குத் திரும்பும் வழி. பாடி எர்த் என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான். பாதிக் கம்பி மிச்சம், பாதி எடை மிச்சம். அதற்கு விலையும் உண்டு. கம்பியின் மேலுறை எங்கே தேய்ந்தாலும், பக்கத்தில் இருக்கிற தகரம் ஷார்ட்டுக்குத் தயாராக நிற்கிறது. அதிர்ந்துகொண்டும் சூடாகிக்கொண்டும் இருக்கிற ஓர் இயந்திரத்தில் தேய்வதற்கு இடமா இல்லை? எலிகள் வேறு இருக்கின்றன. நம் ஊரில் நிறுத்திவைத்த காரின் பானட்டுக்குள் புகையிலையைக் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் ஒயர்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறார்கள்.

ஏரி வெட்டியவர்கள் கரையின் ஓரிடத்தை வேண்டுமென்றே தாழ்த்தி, கல் பாவிக் கலிங்கு கட்டினார்கள். கரை நிற்க வேண்டுமென்றால், தண்ணீர் எங்கே மீறலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தாக வேண்டும். இன்னும் நாலு வயல் நனையட்டும் என்று கலிங்கின்மேல் மண்மூட்டை அடுக்குகிறவர் கண்ணுக்கு அது தண்ணீர் வீணாகிற ஓட்டை. மூட்டை அடுக்குவதால் வெள்ளம் குறைவதில்லை. எங்கே மீறலாம் என்ற முடிவு கலிங்கின் கையைவிட்டுப் போய், கரையில் எலிவளை விழுந்த ஏதோவொரு மூலையின் கைக்கு வந்துவிடுகிறது. 10 இருந்த இடத்தில் 30 செருகுகிறவர் செய்வதும் இந்த இடமாற்றம்தான்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். சாதாரண ஹெட்லைட் பல்பில் ஒரு இழை 55 வாட், இன்னொன்று 60. 55ஐ 12ஆல் வகுத்தால் ஒரு பல்புக்கு நாலரை ஆம்பியருக்குச் சற்று மேல். இரண்டுக்கும் சேர்த்து ஒன்பது சொச்சம். 15 ஆம்பியர் ஃபியூஸ் இதை ஆயுள் முழுக்கச் சுமக்கும். வெளிச்சம் போதவில்லை என்று சென்னையின் ஜி.பி. ரோட்டுக்கோ, உள்ளூர்க் கடைக்கோ போய் 100 வாட் பல்ப் போட்டுக்கொண்டால் இரண்டுக்கும் பதினாறரை ஆம்பியரைத் தாண்டும். ஃபியூஸ் அன்றைக்கே போகாது. பத்து சதவீத மீறல் என்பதால் சில நாள் பொறுத்து, ஒரு நீண்ட இரவுப் பயணத்தில் போகும். மறுநாள் யாரோ 25 போட்டுக்கொடுப்பார்கள். விளக்கு அணைவது நின்றுவிடும். அன்றிலிருந்து சூடாவது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற சுவிட்சும் ஒயரும். முறையாகச் செய்கிறவர் ஃபியூஸின் எண்ணை உயர்த்த மாட்டார். பேட்டரியிலிருந்து தடித்த ஒயரை நேராக இழுத்து, நடுவில் ரிலே வைத்து, அந்தப் புதிய வழிக்கு அதற்கேற்ற ஃபியூஸை அதன் தலைவாசலிலேயே வைப்பார். கூடுதல் வெளிச்சம் வேண்டுமென்றால் கூடுதல் வழி வேண்டும். பழைய வழியின் காவலைத் தளர்த்தி வாங்கிய வெளிச்சம் கடன்.

ஒரு காலத்தில் காருக்கு இத்தனை ஃபியூஸ்கள் இல்லை. மோரிஸ் மைனரில் வேலைசெய்தவை இரண்டே இரண்டு கண்ணாடிக் குழல்கள். பெட்டிக்குள்ளேயே உதிரியாக இரண்டு படுத்திருக்கும். ஒன்று எப்போதும் உயிரோடிருக்கும் ஹாரன் வகையறாவுக்கு, மற்றது சாவி போட்டபின் இயங்குகிற வைப்பர், பிரேக் விளக்கு வகையறாவுக்கு. அதே கம்பெனியின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்ததுதான் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை இந்தியச் சாலைகளை ஆண்ட அம்பாசிடர். அந்தக் கார்களின் மின்சாமான் பிரிட்டனின் லூகாஸ் கம்பெனியுடையது. அந்த லூகாஸும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து 1961இல் தொடங்கிய தொழிற்சாலையின் பெயரில்தான் சென்னையின் பாடிப் பகுதியில் இன்றும் பஸ் நிற்கிறது. லூகாஸுக்கு ‘இருளின் இளவரசன்’ என்று பட்டப்பெயர். ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு போய்விடும் என்ற கேலி. அந்தக் காலத்து லூகாஸ் குழல்களில் 35 என்று எழுதியிருக்கும். அது உருகும் அளவு. தொடர்ந்து சுமக்கும் அளவு அதில் பாதி, 17 ஆம்பியர். இது தெரியாமல் இன்றைய 35ஐ அங்கே செருகினால் காவல் இரு மடங்கு தளர்ந்துவிடும்.

அந்த மோரிஸ் மைனரில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. மறதியால் விட்டிருக்க முடியாது. இருட்டில் வளைவில் திரும்பும்போது விளக்கு சட்டென்று அணைவதைவிட ஒயர் கருகுவது மேல் என்று யாரோ எடைபோட்டிருக்க வேண்டும். அமெரிக்கக் கார்கள் பலவற்றில் வேறொரு வழி கண்டார்கள்: சூடானால் அறுந்து, ஆறினால் தானே சேர்ந்துகொள்ளும் பிரேக்கரை ஹெட்லைட்டுக்கு வைத்தார்கள். விளக்கு விட்டுவிட்டு எரியும். ஓரங்கட்டுவதற்குள் முழு இருட்டு வராது. இன்றைய கார்களில் இடது ஹெட்லைட்டுக்கு ஒரு ஃபியூஸ், வலதுக்கு ஒன்று. எது போனாலும் ஒரு கண் மிஞ்சும்.

இப்படிப் பார்க்கும்போது ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கட்டங்கள் வேறு மாதிரி தெரிகின்றன. எதெது ஒன்றாகப் போகலாம், எதெது ஒருபோதும் ஒன்றாகப் போகக் கூடாது என்று யாரோ நிதானமாக உட்கார்ந்து எழுதிய தீர்ப்பு அது. நோய் கண்டுபிடிக்கவும் அதுவே ஏடு. சில கார்களில் ஹாரனும் பிரேக் விளக்கும் ஒரே ஃபியூஸில் இருக்கும். ஹாரன் அடிக்கவில்லை என்று வந்தவரைப் பின்னால் போய்ப் பிரேக் விளக்கைப் பார்க்கச் சொல்வது அதனால்தான். சம்பந்தமில்லாத இரண்டு பொருள்கள் ஒரே நேரத்தில் செத்தால், இரண்டும் சந்திக்கிற கட்டத்தைத் தேட வேண்டும். பல ஆட்டோமேட்டிக் கார்களில் பிரேக் விளக்கின் ஃபியூஸ் போனால் கியர் பார்க்கிங்கிலிருந்து நகரவே நகராது. பிரேக்கை மிதித்திருக்கிறார் என்ற செய்தி வண்டிக்குப் போய்ச் சேராது. கியர்பாக்ஸ் போய்விட்டது என்று நினைத்து மீட்பு வண்டியை அழைப்பவர்கள் உண்டு. மூடியைத் திறந்து படித்திருந்தால் வீட்டு வாசலிலேயே விஷயம் முடிந்திருக்கும்.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் இருக்கிறார். அவரிடம் இருக்கிற முக்கியமான கருவி ஒரு டெஸ்ட் லாம்ப்: சின்ன பல்ப், ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் ஊசி. மீட்டரும் வைத்திருக்கிறார், கையில் எடுப்பது என்னவோ லாம்பைத்தான். கிளிப்பைப் பாடியில் கடித்துவிட்டு, ஃபியூஸின் தலையில் இருபுறமும் தெரிகிற இரண்டு உலோகப் புள்ளிகளை ஊசியால் தொடுவார். இரண்டிலும் பல்ப் எரிந்தால் ஃபியூஸ் நலம். ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் ஃபியூஸுக்கே கரண்ட் வரவில்லை. சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மேலே தேட வேண்டும். எதையும் பிடுங்காமல் ஒரு பெட்டி முழுவதையும் டீ ஆறுவதற்குள் பார்த்துவிடுவார்.

ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் அவசரமாக வந்து நின்றார்.

“அண்ணே, ஹாரன் ஃபியூஸ் போயிருச்சு. மாத்திக் குடுங்க, சவாரி நிக்குது.”

எலக்ட்ரீசியன் நீல நிறத்தில் ஒன்றை எடுத்துச் செருகினார். உள்ளே உட்காரும்போதே ‘சடக்’கென்று ஒரு பொறி. ஹாரனை யாரும் அழுத்தவே இல்லை.

“நேத்துலேர்ந்து இதே தொல்லைதாண்ணே. பச்சையாப் போட்டு விட்டுருங்க, தாங்கும்.”

“போடலாம் தம்பி. அப்புறம் ஃபியூஸ் போகாது, வண்டி போயிரும்.”

சொல்லிவிட்டு, இன்னொரு ஃபியூஸைப் போடாமல், அந்தப் பொந்தில் ஒரு பழைய ஹெட்லைட் பல்பை இரண்டு ஒயரால் செருகினார். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தது. ஹாரனுக்கு எப்போதும் கரண்ட் நிற்கிற வகை வண்டி அது. ஃபியூஸுக்குப் பின்னால் எங்கேயோ மின்சாரம் நேராகப் பாடிக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்த வெளிச்சமே சாட்சி. பல்ப் நடுவில் இருப்பதால் எவ்வளவு நேரம் ஓடினாலும் நாலைந்து ஆம்பியருக்குமேல் போகாது, எதுவும் கருகாது. வேலை செய்கிற பையனை அந்தப் பல்பைப் பார்த்துக்கொண்டே நிற்கச் சொன்னார். அவர் பானட்டுக்குள் குனிந்து ஒயர்க் கட்டைச் சாண் சாணாகப் பிடித்து அசைத்துக்கொண்டே போனார். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தகரத் தாங்கியின் விளிம்பில் கை வைத்தபோது பையன், “அணைஞ்சுருச்சுண்ணே!” என்று கத்தினான். மேலுறை தேய்ந்து, அரிசியளவுக்குத் தாமிரம் பளிச்சென்று தெரிந்தது. டேப் சுற்றி, ஸ்லீவ் போட்டு, விளிம்பைவிட்டுத் தள்ளிக் கட்டினார். பிறகு அதே நீலம். ஓட்டுநர் ஹாரனை அழுத்திப் பார்த்து, தேவைக்குமேல் இரண்டு தடவை அடித்துவிட்டுப் போனார்.

நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து எலக்ட்ரீசியன் சொன்னார்: “ஃபியூஸ் மாத்துறதுக்குக் காசு கேட்டா குடுப்பாங்க சார். ஏன் போச்சுன்னு பாக்குறதுக்குக் கேட்டாத்தான் யோசிப்பாங்க.”

ஏன் போனது என்பதைச் செத்த ஃபியூஸே ஓரளவு சொல்லும். பட்டை நடுவில் அமைதியாக அறுந்து, உடல் தெளிவாக இருந்தால் சிறிய மீறல் வெகுநேரம் நீடித்திருக்கிறது. உள்ளே கறுத்து, உலோகம் தெறித்துப் பூச்சாகப் படிந்திருந்தால் நேரான ஷார்ட். பட்டை முழுதாக இருக்க, காலருகில் பிளாஸ்டிக் மட்டும் இளகி வளைந்திருந்தால் குற்றம் ஃபியூஸில் இல்லை. செருகுகிற பொந்து தளர்ந்து, தொடுகை சரியில்லாமல் அங்கேயே சூடாகியிருக்கிறது. புது ஃபியூஸும் அதே கதிக்கு ஆளாகும். காலில் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களைப்போல நீரில் நின்ற எந்தக் காருக்கும் இது பின்னாலிருந்து வரும் வினை. சிகரெட் லைட்டர் பொந்தின் ஃபியூஸ் அடிக்கடி போனால் ஒயரைத் தேடுவதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே பார்க்கலாம். ஒரு ரூபாய் நாணயம் கிடக்கும். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரும் அங்கேதான் செருகப்படுகிறது, அதன் இழுப்பும் காரணமாகலாம். பானட்டுக்குள் திருகு போட்டு முடுக்கியிருக்கும் பெரிய மெயின் ஃபியூஸ் போயிருந்தால், பேட்டரியை மாற்றிப் பொருத்தியவர் பிளஸ்ஸையும் மைனஸையும் இடம் மாற்றிவிட்டாரா என்று முதலில் கேட்க வேண்டும். அதில் கைவைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றியாக வேண்டும்.

காரணமே இல்லாமலும் ஃபியூஸ் போகும். வருடக்கணக்காகச் சூடாகிச் சூடாகி ஆறியதில் பட்டை சோர்ந்து, சாதாரண மின்சாரத்திலேயே ஒருநாள் விட்டுவிடும். ஆகவே முதல் ஃபியூஸை மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. இரண்டாவது உடனே போனால் அதற்குச் சோர்வு என்று பெயர் வைக்க முடியாது. அது சாட்சியம். மூன்றாவதைச் செருகுகிறவர் பழுது பார்க்கவில்லை, சாட்சியை மிரட்டுகிறார். கடையில் மலிவாகக் கிடைக்கிற கலவைப் பெட்டிகளில் எண்ணும் நிறமும் சரியாக இருந்து, உள்ளே பட்டை மட்டும் பொருந்தாத போலிகளும் உண்டு. உருக வேண்டிய நேரத்தில் உருகாத ஃபியூஸ் பார்வைக்கு நல்ல ஃபியூஸாகவே இருக்கும். அது கெட்டது என்பது ஒயர் எரிந்த பிறகுதான் தெரியும்.

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. அது காரில் தொடங்கியதல்ல. பீங்கான் கட்டை ஃபியூஸ் இருந்த காலத்தில் தெருவுக்கு ஒருவர் அந்த வேலையில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்திருப்பார். சுருட்டி விற்கிற மெல்லிய ஃபியூஸ் கம்பியை அவர் மதிக்க மாட்டார். பழைய அயர்ன்பாக்ஸ் ஒயரை உரித்து, தாமிர இழைகளை முறுக்கிக் கட்டிவிட்டு, இனி ஜென்மத்துக்கும் போகாது என்பார். அது பாராட்டாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. காரின் கண்ணாடிக் குழலுக்குச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றியவரும் இதே மரபில் வந்தவர். நடு இரவில் வண்டியை வீடு சேர்த்தவர் என்பதால் அவரைக் குறைசொல்லவும் மனம் வராது. போகாத ஃபியூஸ்தான் நல்ல ஃபியூஸ் என்ற எண்ணம் அவருக்கு மட்டும் உரியதல்ல. தாங்குவதை ஒரு தகுதியாகவும் விட்டுப்போவதை ஒரு குறையாகவும் வைத்துப் பழகிய எல்லோருக்கும் உரியது.

இதன் மறுகோடிக்குப் போய், பிறருக்காகத் தன்னை உருக்கிக்கொள்ளும் தியாகி என்று ஃபியூஸைப் பாடவும் சுலபமாக வருகிறது. எனக்கு அதிலும் உடன்பாடில்லை. துத்தநாகத்துக்கு விருப்பமும் இல்லை, வீரமும் இல்லை. 420 டிகிரியில் அது உருகும், அவ்வளவுதான். எதையாவது மதிக்க வேண்டுமென்றால், எதுவும் எரியாத ஒரு சாதாரண நாளில், வரைபலகையின் முன்னால் உட்கார்ந்து, இங்கே போகட்டும் என்று புள்ளி வைத்தவரின் நிதானத்தை. எல்லாம் நன்றாக ஓடும்போது, தவறு நடக்கும் என்று ஒப்புக்கொண்டு, நடந்தால் எது முதலில் போகலாம், எது மிஞ்ச வேண்டும் என்று வரிசைப்படுத்துவது கஷ்டமான காரியம். குடும்பங்களிலும் அலுவலகங்களிலும் நாம் அதைச் செய்வதே இல்லை. நெருப்புப் பிடித்த பிறகு, கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். 10ஐப் பிடுங்கி 30ஐச் செருகுகிறவர் ஒரு முடிவை மாற்றுகிறார். அங்கே ஒரு முடிவு இருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. ஆபத்து தடிமனில் மட்டும் இல்லை, அந்த அறியாமையிலும் இருக்கிறது.

உருகும் ஃபியூஸின் காலம் மெல்ல முடிந்துவருகிறது. அதன் குறை தெரிந்த ஒன்றுதான்: எல்லைக்கு அருகில் எப்போது உருகும் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. 2015இல் டெஸ்லா தன் மாடல் எஸ் காரின் பெரிய பேட்டரிக்கு வேறொரு ஃபியூஸை வைத்தது. அதற்கென்று தனி மின்னணுச் சுற்று, தனியாக ஒரு குட்டி லித்தியம் பேட்டரி. மில்லி வினாடிக் கணக்கில் மின்சாரத்தைக் கண்காணித்து, மீறினால் சின்ன வெடிமருந்தால் இணைப்பை அறுக்கும். எல்லை எது என்று உறுதியாகத் தெரிந்ததால் பேட்டரியிலிருந்து எடுக்கும் உச்ச மின்சாரத்தை 1300 ஆம்பியரிலிருந்து 1500க்கு உயர்த்தினார்கள். பிறகு 2017இல் வந்த மாடல் 3இல், 12 வோல்ட் பக்கத்தில் நாம் பிடுங்கிச் செருகுகிற ஃபியூஸ்களை ஏறக்குறைய ஒழித்துவிட்டு, சிலிக்கான் சுவிட்சுகளிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். மீறினால் அறுக்கும், காரணம் நீங்கினால் மென்பொருள் மறுபடி இணைத்துவிடும். மற்ற நிறுவனங்களும் இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கின்றன.

இது மேலான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. வேகம் அதிகம், துல்லியம் அதிகம், யாரும் பச்சையைச் செருகி ஏமாற்ற முடியாது. ஆனால் இதில் செத்த ஃபியூஸ் என்று ஒன்று மிஞ்சாது. கறுத்திருக்கிறதா, இளகியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க எதுவும் இல்லை. மூடியின் உட்புறக் கட்டங்கள் மென்பொருளுக்குள் போய்விட்டன. எந்த ஒயர், எத்தனை முறை, எவ்வளவு மீறியது என்ற விவரம் வண்டிக்குள்ளேயே பதிவாகியிருக்கும். அதைப் படிக்கப் பெரும்பாலும் கம்பெனியின் கருவி வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டெஸ்ட் லாம்போடு உட்கார்ந்திருப்பவருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை.

எது முதலில் போகலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரம் கார் வைத்திருப்பவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை. தீர்மானித்ததைப் படிக்கிற வாய்ப்பு இருந்தது. மூடியில் எழுதி, நிறம் பூசி, உதிரியாக ஒன்றும் பிடுங்க ஒரு இடுக்கியும் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். ஒரு டீ விலைக்கு வருகிற பொருள் இத்தனை வெளிப்படையாக இருந்தது. புதிய ஃபியூஸ் உருகாமலே வேலை செய்யட்டும். ஏன் அறுத்தேன் என்பதை மட்டும் வண்டிக்காரருக்கும், அவர் நம்பிப் போகிற தெருமுனை எலக்ட்ரீசியனுக்கும் சேர்த்துச் சொல்லட்டும். அதைக் கேட்டு வாங்குவது கார் வாங்குகிறவர்களின் பொறுப்பு. பழைய ஃபியூஸ் அதைக் கேட்காமலே கொடுத்துக்கொண்டிருந்தது.